வேலிக்கு வெளியே எட்டடி

வில்லோ கிரீக், மிசௌரி
மார்ச் 4, 1974

அன்புள்ள ஓர்வல் அண்ணாவுக்கு,

ஆர்டித் எழுதுவது. நானும் என் மூட்டுவலியும் நலம். இமோஜீன் அண்ணிக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று கேள்விப்பட்டேன். நான் வந்து பார்க்கவில்லை என்று அண்ணி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தால், பாதையெல்லாம் சேறு, என் காரின் லட்சணமும் அவருக்குத் தெரியும் என்று சொல்லிச் சமாதானப்படுத்துங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் டக்கெட் குடும்பக் கல்லறைத் தோட்டத்துக்குப் புது வேலி போடப் போகிறீர்களாம். இரும்புத் தூண், சிமென்ட், எல்லாம் தடபுடலாம். தீவனக் கடையில் பேசிக்கொண்டார்கள். கல்லறைத் தோட்டச் சங்கத்துக்குச் செயலாளர் நீங்கள். எனக்கு ஒரு வரி எழுதியிருந்தால் கை ஒடிந்தா போயிருக்கும்?

பழைய வேலிக்கு வெளியே எட்டடி தள்ளிப் படுத்திருப்பவர் என் அப்பா வெர்ஜில் டக்கெட். 1946-ல் அவர் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து வாசல்வரை போனோம். உங்கள் அப்பா லூதர் பெரியப்பா வழியை மறித்தார். "ஆத்துக்கு அந்தாண்ட வேற டக்கெட்டுங்க இருக்காங்க. இவன் அந்தக் கூட்டமோ என்னவோ. ஜோசையா தாத்தாவோட பைபிள்ல பிள்ளைங்க பேரு எழுதின பக்கத்துல இவங்க அப்பன் சைலஸ் பேரே இல்லையே" என்றார். கொட்டும் மழையில் பெட்டியைத் திருப்பிக்கொண்டோம். வெளியே குழி வெட்டினோம்.

பைபிளில் பெயர் ஏன் இல்லை என்று எனக்குத் தெரியும். சைலஸ் தாத்தா நடனக் கூடத்தில் பிடில் வாசித்தார் என்று சபையிலிருந்து விலக்கினார்கள். அன்றே வீட்டில் பெயரையும் சுரண்டிவிட்டார்கள். பிடில் வாசித்தால் ரத்தம் மாறிவிடுமா?

மர வேலியை நகர்த்தலாம். சிமென்டை யார் நகர்த்துவது? இந்த மே மாதத்தில் வேலி போடும்போது என் அப்பா உள்ளே வரவில்லை என்றால் இனி எப்போதும் இல்லை. எட்டடி தள்ளிப் போடுங்கள் அண்ணா. வேறொன்றும் கேட்கவில்லை.

உங்கள் அன்புத் தங்கை,
ஆர்டித்


டக்கெட் பண்ணை
மார்ச் 12, 1974

அன்புள்ள தங்கை ஆர்டித்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பதினோரு கன்றுகள் பிறந்திருக்கின்றன, அதில் ஒன்றுக்குக் கழிச்சல். அண்ணிக்குக் கண் நன்றாகத் தெரிகிறது. முப்பத்தெட்டு வருடத்துக்குப் பிறகு என்னைத் தெளிவாகப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கிறாள்.

நீ கேட்பது எட்டடி. விதி கேட்பது தாள். 1921-ல் என் அப்பா எழுதிய நான்காவது விதி: ஜோசையா டக்கெட்டின் ரத்த வழியினரும் அவர்களை மணந்தவர்களும் மட்டுமே வேலிக்குள். நான் எழுதியதல்ல, ஆனால் காப்பாற்ற வேண்டியவன் நான். ஒருவருக்குத் தளர்த்தினால் நாளைக்கு இந்தத் தாலுகாவே உள்ளே வந்து படுத்துக்கொள்ளும்.

அண்ணன் என்ற முறையில் எனக்கு வருத்தம்தான். செயலாளர் என்ற முறையில் எனக்கு அந்த ரத்த உறவைக் காட்டும் தாள் வேண்டும். கூட்டம் மே 11. அதற்குள் கொண்டு வா.

அன்புடன்,
ஓர்வல் அண்ணன்


வில்லோ கிரீக்
ஏப்ரல் 2, 1974

அன்புள்ள அண்ணாவுக்கு,

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டீர்கள்.

மாவட்ட நூலகத்தில் மூன்று நாள் உட்கார்ந்தேன். பழைய மக்கள்தொகைக் கணக்கைப் படச்சுருளில் வைத்திருக்கிறார்கள். ஒரு பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு கைப்பிடியைச் சுற்ற வேண்டும். முதல் நாள் எனக்குத் தலை சுற்றியதுதான் மிச்சம். இரண்டாம் நாள் ஒரே கையெழுத்தில் நானூறு வீடுகள். மூன்றாம் நாள் மத்தியானம் அகப்பட்டார்கள், 1880 ஜூன் மாதத்தில். ஜோசையா டக்கெட், வயது 42, விவசாயி. மகாலா, மனைவி. ஏமஸ், மகன், 16. சைலஸ், மகன், 10. அப்புறம் மூன்று பெண்கள்.

ஏமஸ் உங்கள் தாத்தா, சைலஸ் என் தாத்தா. அண்ணனும் தம்பியுமாக அடுத்தடுத்த வரியில் இருக்கிறார்கள். நூலகம் என்றும் பாராமல் "ஆகா!" என்று கத்திவிட்டேன். நகல் இத்துடன். தூண்களை எங்கே நடுவது என்று நான் வந்து காட்டட்டுமா?

வெற்றிக் களிப்புடன்,
ஆர்டித்


டக்கெட் பண்ணை
ஏப்ரல் 9, 1974

அன்புள்ள ஆர்டித்துக்கு,

சண்டை பிடிக்காதே. பொறுமையாகப் படி.

கணக்கெடுக்க வந்தவர் குதிரையை விட்டு இறங்காமல் எழுதியதெல்லாம் ஒரு சாட்சியா? வீட்டில் ஆள் இல்லை என்றால் பக்கத்து வீட்டில் கேட்டு எழுதிக்கொண்டு போவார்கள். அறுவடைக்கு வந்து தங்கினவன், மாமன் மகன், யாராக இருந்தாலும் வீட்டுக்காரர் பெயரையே போட்டு மகன் என்று எழுதிவிடுவார்கள். ஒரே மேசையில் சாப்பிட்டவனெல்லாம் மகனாகிவிட முடியாது. இதை என் அப்பாவே பலமுறை சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

நீதிமன்றத் தாள் கொண்டு வா. ஜோசையா இறந்தபோது வாரிசுகள் யார் என்று நீதிபதி முன்னால் யாராவது சத்தியம் செய்திருப்பார்கள். அதில் என்ன இருந்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். இது என் வாக்கு.

உன் பிடிவாதம் டக்கெட் பிடிவாதம்தான், அதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

ஓர்வல்


வில்லோ கிரீக்
ஏப்ரல் 26, 1974

அன்புள்ள ஓர்வல் அண்ணாவுக்கு,

இதை நின்றுகொண்டு படிக்காதீர்கள். கன்றுகளுக்குப் பால் கொடுத்துவிட்டு வந்து, உட்கார்ந்து படியுங்கள்.

நீதிமன்றத்தின் அடித்தளத்தில், கொதிகலனுக்குப் பக்கத்தில், தகர இழுப்பறைகள் வரிசையாக இருக்கின்றன. செத்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டு, மூன்றாக மடித்துச் சிவப்பு நாடா கட்டி. பிரித்தால் கரித்தூள் பறந்து தும்மல் வருகிறது. அங்கே வேலை பார்க்கும் நடீன் என்ற பெண் என்னைப் பார்த்து, "ஏம்மா, உசுரோட இருக்கறவங்களக் கூட இவ்வளவு ஆசையா யாரும் தேடி வர்றதில்ல" என்றாள். "உசுரோட இருக்கறவரு தாள் கேக்கறாரும்மா" என்றேன்.

ஜோசையாவின் கட்டு அகப்பட்டது. 1903. வாரிசுகளின் பட்டியல் ஒரே ஒரு தாள். பிள்ளைகள் என்ற தலைப்பின் கீழ் முதல் வரியில் சைலஸ் டக்கெட், மகன். என் அப்பாவின் அப்பா. சத்தியம் செய்து, முத்திரை போட்டது.

எனக்கு வேண்டியது அவ்வளவுதான். ஆனால் தாள் அங்கே முடியவில்லை. பெண்கள் மூன்று பேருக்குக் கீழே கடைசி வரியில் எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன்: "ஏமஸ் டீல், டக்கெட் என்று அழைக்கப்படுபவர். மனைவி மகாலாவுக்கு அவரது முதல் கணவர் மூலம் பிறந்தவர். அந்தக் கணவர் போரில் இறந்தார். ஏமஸ் ரத்த வாரிசு அல்லர்."

நான்கு முறை படித்தேன். நடீன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அண்ணா, நான் பொய் சொல்லப் போவதில்லை. முதல் நொடியில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. லூதர் பெரியப்பா மழையில் நின்று பேசிய பேச்சு அத்தனையும் காதில் கேட்டது. நான்காவது விதிப்படி வேலிக்கு வெளியே போக வேண்டியவர்கள் உங்கள் தாத்தா, உங்கள் அப்பா, நாளைக்கு நீங்கள். கார்வரை நடந்து போவதற்குள் அந்தச் சந்தோஷம் கசந்துவிட்டது.

என் அப்பாவை உள்ளே கொண்டுவர இந்த ஒரு தாள்தான் இருக்கிறது. இதைக் காட்டாமல் அவரை உள்ளே விட முடியாது, காட்டினால் உங்களை வெளியே தள்ளும். கத்தரிக்கோலால் வெட்டிக் காட்டலாமா என்று யோசித்தேன். அப்படி வெட்டினால் பைபிளில் பெயரைச் சுரண்டியவர்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

தாள்கள் செயலாளரிடம் போக வேண்டும் என்பது விதி. நகல் இத்துடன். வேறு யாரிடமும் சொல்லவில்லை. கூட்டத்துக்கு நான் வரமாட்டேன். என்ன செய்வதென்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

உங்கள் தங்கை,
ஆர்டித்


டக்கெட் பண்ணை
மே 13, 1974

ஆர்டித்துக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். எழுத உட்கார்ந்து மூன்று முறை எழுந்துவிட்டேன்.

முதலில் அந்தத் தாளை அடுப்பில் போடத்தான் நினைத்தேன். அடுப்பின் மூடியைக்கூடத் திறந்துவிட்டேன். இமோஜீன், "அது நகல்தானே? அசல் நீதிமன்றத்துல இருக்கு. கட்டடத்தயே கொளுத்தப் போறீங்களா?" என்றாள். அதனால்தான் தாள் பிழைத்தது. என் நல்ல குணம் என்று நினைத்துவிடாதே.

கூட்டத்துக்கு என்னையும் சேர்த்துப் பதினேழு பேர். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை நானே எழுந்து நின்று வாசித்தேன். பிறகு நம் கிளீட்டஸ் தம்பி, "அப்ப விதிப்படி ஏமஸ் பெரியவரையும் லூதரையும் தோண்டி வெளிய எடுக்கணுமா?" என்று கேட்டான். அவனுக்கு எப்போதும் நேரம் காலம் தெரியாது. இமோஜீன் எழுந்து, "நீ மம்பட்டியத் தொடு பாக்கலாம்" என்றாள். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை.

நான்காவது விதியைப் பதினாறு பேரும் சேர்ந்து நீக்கினார்கள். நான் வாக்களிக்கவில்லை. வேலி தேவதாரு மரங்கள்வரை போகிறது. உன் அப்பா இருபதடி உள்ளே இருப்பார். வரும் வியாழக்கிழமை தூண் நடுகிறார்கள். செயலாளர் பொறுப்பைக் கிளீட்டஸிடம் கொடுத்துவிட்டேன்.

இன்னொன்றும் எழுத வேண்டும். 1946-ல் என் அப்பா பேசினார் என்று நீ எழுதியிருந்தாய். வாசல் கதவை உள்ளேயிருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது யார் என்று எழுதவில்லை. நீ என்னைப் பார்த்தாய் என்று எனக்குத் தெரியும். ஆறு பேர் பெட்டியைச் சுமந்துகொண்டு மழையில் நின்றார்கள். அப்பா சொன்னார், பிடித்தேன் என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்போது எனக்கு முப்பத்து நான்கு வயது. சின்னப் பிள்ளை இல்லை.

எந்த உரிமையும் இல்லாதவன் உரிமையுள்ளவரை வெளியே நிறுத்தியிருக்கிறேன். கல்லறைகளுக்கு மலர் வைக்கும் ஞாயிறன்று நான் வரப்போவதில்லை. வந்து யாராக நிற்பது? கடைசியில் அண்ணன் என்று போடவும் கை வரவில்லை.

ஓர்வல்


வில்லோ கிரீக்
மே 18, 1974

அன்புள்ள ஓர்வல் அண்ணாவுக்கு,

வாசல் கதவைப் பிடித்திருந்தது நீங்கள்தான் என்று எனக்குத் தெரியும். சாம்பல் நிறக் கோட்டு போட்டிருந்தீர்கள். அதை மறக்கவில்லை, மறக்கப் போவதுமில்லை. நீங்களாக எழுதினீர்களே, அதையும் மறக்க மாட்டேன்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு மறுநாளே நீதிமன்றத்துக்குப் போனேன். "மறுபடியுமா? நீங்க ஜெயிச்சிட்டதா ஊரே பேசுதே!" என்றாள் நடீன். "ஜெயிச்சாச்சு. இப்ப எங்க அண்ணனுக்காகத் தேடணும்" என்றேன். இந்த முறை டக்கெட் இழுப்பறையைத் திறக்கவில்லை. டீல் என்ற பெயரில் தேடினோம்.

ஏமஸுக்கு அவர் சொந்த அப்பா கொஞ்சம் நிலம் விட்டுப் போயிருந்தார். அதனால் பிள்ளைக்கு நீதிமன்றம் ஒரு காப்பாளரை வைத்தது. பதினான்கு வயதானால் தன் காப்பாளரைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கலாம் என்பது அன்றைய சட்டம். 1878 நவம்பரில் அவரைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். ஒரு பக்கம் அவர் அப்பாவின் தம்பி, இல்லினாயிலிருந்து வந்தவர், கடை வைத்திருப்பவர், சொந்த ரத்தம். இன்னொரு பக்கம் ஜோசையா. யாரிடம் போகிறாய் என்று நீதிபதி கேட்டார். "சிறுவன் தயங்காமல் ஜோசையா டக்கெட்டைத் தேர்ந்தான்" என்று எழுத்தர் எழுதிவைத்திருக்கிறார்.

கீழே உங்கள் தாத்தாவின் கையெழுத்து இருக்கிறது. ஏமஸ் டக்கெட் என்று போட்டிருக்கிறார். எழுத்தர் டக்கெட்டை அடித்துவிட்டு டீல் என்று திருத்தியிருக்கிறார். அதற்கும் கீழே உங்கள் தாத்தா மறுபடியும் டக்கெட் என்று எழுதியிருக்கிறார், இரண்டு மடங்கு பெரிதாக. பேனா முள் குத்தித் தாள் கிழிந்திருக்கிறது. நகலில் கிழிசல் தெரியாது, அசலை நீங்கள் போய்ப் பார்க்க வேண்டும்.

டக்கெட்டாக இருக்கிறாயா என்று என்னை யாரும் கேட்கவில்லை, என் அப்பாவைக் கேட்கவில்லை, சைலஸ் தாத்தாவையும் கேட்கவில்லை. நாங்கள் பிறந்தோம், அவ்வளவுதான். இந்தக் குடும்பத்தில் அப்படிக் கேட்கப்பட்டு, எழுந்து நின்று ஆமாம் என்று சொன்னவர் உங்கள் தாத்தா ஒருவர்தான். நீங்கள் யாராக நிற்பது என்று கேட்டீர்கள். அவர் பேரனாக நில்லுங்கள்.

மலர் வைக்கும் ஞாயிறன்று காலை பத்து மணிக்கு வந்து சேருங்கள். என் அப்பாவின் கல்லைச் சுற்றி இருபத்தெட்டு வருடத்துக் களை மண்டிக் கிடக்கிறது. என்னால் குனிய முடியாது. நீங்கள்தான் பிடுங்க வேண்டும்.

உங்கள் தங்கை,
ஆர்டித் டக்கெட்