நாற்பத்திரண்டு கட்டங்களிலும் ‘இல்லை’

அன்பு மகள் சிட்டுக்கு,

அம்மா நன்றாக இருக்கிறாள். நானும் நன்றாக இருக்கிறேன் என்று எழுதித்தான் பழக்கம், இந்த முறை கை வரவில்லை. தலைப்பக்கம் தாழ்த்திய கட்டிலில் நீ படுத்து இன்றோடு இருபத்தோரு நாள், இன்னும் முப்பத்தொன்பது இருக்கிறது. சாப்பிடுவது குளிப்பது எல்லாமே படுத்தபடிதான் என்று நீ சிரித்துச் சிரித்துச் சொன்னாய், விண்வெளிக்குப் போகிறவர்களுக்கு உடம்பு என்னென்ன ஆகும் என்று தரையிலேயே கண்டுபிடிக்கிறோம்ப்பா என்றாய். அம்மா நீ அனுப்பிய போட்டோவைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் காட்டி, அஞ்சு நாட்டு டாக்டருங்க என் பொண்ணு ஒருத்தியச் சுத்தி நிக்கறாங்க, எலும்புக்கு ஒருத்தர், கண்ணுக்கு ஒருத்தர், ரத்தத்துக்கு ஒருத்தர்னு, என்று பீற்றிக்கொண்டிருக்கிறாள். நானும் கூடச் சேர்ந்து பீற்றினேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ சேருவதற்கு முன் குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் என்று ஒரு படிவம் அனுப்பினார்களே, நாற்பத்திரண்டு கட்டம், அதை நிரப்பியது நான். முப்பத்தோரு வருஷம் இன்சூரன்ஸ் ஆபீசில் உட்கார்ந்து எத்தனை பேருக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்திருப்பேன், நோய்க் கட்டத்தில் ஒரு ‘ஆம்’ விழுந்தால் படிவம் திரும்பி வரும் என்பது எனக்கு அத்துப்படி. யோசிக்கவே இல்லை சிட்டு, பேனாவை எடுத்தேன், மேலிருந்து கீழே வரை ‘இல்லை’ என்று போட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உன் சித்தப்பா நெஞ்சுவலியில் போனான் என்றுதானே உனக்குச் சொல்லியிருக்கிறோம். உண்மையில் கால் முறிந்து மாவுக்கட்டோடு மூன்று வாரம் அசையாமல் படுத்திருந்தான், காலில் ரத்தம் உறைந்து அது நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொண்டது. போன வருஷம் குடலிறக்க ஆபரேஷனுக்குப் பிறகு எனக்கும் கால் வீங்கியது, நீ பயப்படுவாய் என்று சொல்லவில்லை, இன்றுவரை ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை எல்லாக் குடும்பங்களையும் கம்ப்யூட்டரில் கூப்பிட்டுப் பேசினார்கள். இதே ஆராய்ச்சியை நடத்துகிற இன்னொரு நாட்டில் படுத்திருந்த ஒரு ஆளுக்குக் கழுத்து ரத்தக்குழாயில் உறைவு இருந்ததாம், ஸ்கேனில் தெரிந்து மருந்து கொடுத்து இப்போது நன்றாக இருக்கிறாராம், அந்த நாட்டுக்காரர்கள் அன்றே மற்ற நான்கு நாட்டுக்கும் தகவல் சொல்லிவிட்டார்களாம். அதனால் படிவத்தை இன்னொரு தடவை பார்த்துச் சொல்லுங்கள் என்று ரத்த டாக்டர் கேட்டார், மொழிபெயர்க்கிற பெண் அவ்வளவு பொறுமையாக எடுத்துச் சொன்னாள். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, எல்லாம் எழுதிட்டீங்கதானே என்றாள். எழுதிட்டேன் என்றேன். இரண்டு வருஷம் காத்திருந்து கிடைத்த இடம், என்னால் உன்னை வெளியே அனுப்பிவிட்டார்கள் என்று ஆகிவிடக் கூடாதே என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில், இடது ஆடுசதை கொஞ்சம் பிடிச்ச மாதிரி இருக்குப்பா, இங்க யார்கிட்டயும் சொல்லல, சொன்னா தூக்கிடுவாங்க என்றாய். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் சித்தப்பாவும் முதலில் ஆடுசதை என்றுதான் சொன்னான். நேற்று அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்தவில்லை, போனை எடுத்து என் கையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டாள். ஆனால் உங்கள் ஆராய்ச்சி அலுவலகம் பூட்டியாகிவிட்டது, அவசர எண்ணை அழைத்தால் பதிவு செய்த குரல்தான் வந்தது, உன் போனும் அணைத்திருந்தது. இன்று காலை திறந்ததும் முதல் ஆளாகக் கூப்பிட்டு மொழிபெயர்க்கிற பெண்ணை வைத்து ரத்த டாக்டரிடம் சித்தப்பாவைப் பற்றி, என்னைப் பற்றி, உன் காலைப் பற்றி, ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை, உடனே ஸ்கேன் எடுக்கிறேன் என்று வைத்துவிட்டார். திட்டியிருந்தால் தேவலை, அந்த அவசரம்தான் பயமாக இருக்கிறது. ஒன்றரை மணி நேரமாகிறது, ஒரு தகவலும் இல்லை. சும்மா உட்கார முடியாமல்தான் இதை எழுதுகிறேன், போட்டோ எடுத்து அனுப்பினால் நர்ஸ் உன் கையில் கொடுப்பதாகச் சொன்னாள்.

அவர்கள் உன்னை ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிட்டால் என்மேல் கோபப்படு, எத்தனை நாள் வேண்டுமானாலும் பேசாதே, தாங்கிக்கொள்வேன். அவர்கள் சொல்லாமல் எழுந்து நிற்காதே, காலை அமுக்கிவிடாதே, தண்ணீர் நிறையக் குடி. நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும், எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

ஒன்றை மட்டும் மறக்காதே. நீ என் மகள், கேட்டவுடன் உனக்கும் வாயில் அதுதான் வரும், எனக்குத் தெரியும். டாக்டர் வந்து வலிக்கிறதா என்று கேட்டால், இல்லை என்று சொல்லிவிடாதே.

உன் அப்பா