பெரிய காது நரியின் படம்

மாத்தளை,
12.03.1978

அன்பு மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மாவும் உங்கள் தங்கச்சி றாபியாவும் ஸலாம் சொல்கிறார்கள்.

நீங்கள் எடுத்து அனுப்பிய பாலைவன நரியின் படத்தை ஜைனுதீன் நானா தன் ஸ்டூடியோ கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார். "நம்மட றஹீம் எடுத்தது" என்று எல்லாருக்கும் காட்டுகிறார். பெரிதாக்க நெகட்டிவ் கேட்கிறார். அனுப்பி வையுங்கள்.

கலேவெலையிலிருந்து றாபியாவைப் பெண் கேட்டார்கள். பையன் பெயர் இத்ரூஸ், மாட்டு வியாபாரம். அவளுக்கும் விருப்பம்தான். "எங்க வீட்டுக்காரர் வெளிநாட்டுல படம் புடிக்கிறவர். மாட்டுக்குப் பின்னால போறவருக்கு எப்படிப் பொண்ணு குடுக்கிறது?" என்று நான்தான் சொல்லி அனுப்பினேன். சரிதானே?

நாலு வரியோடு நிறுத்தாமல் கொஞ்சம் நீட்டி எழுதுங்கள்.

உங்கள்,
ஸரீனா

*

ஓமான்,
09.04.1978

அன்புள்ள ஸரீனாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். நெகட்டிவ் என்னிடம் இல்லை. கேமராவும் இல்லை. போட்டோ வேலை என்று கூட்டிவந்த ஏஜென்ட், ஓர் அரபியின் ஆட்டுப் பட்டியில் விட்டுவிட்டுப் போனான். வந்த நாள் முதல் ஆடு மேய்க்கிறேன்.

கூட மேய்க்கும் ஸாலிம் இந்தப் பாலைவனத்துக்காரர். மணலில் கிடக்கும் காலடித் தடத்தைப் பார்த்தே எது எந்த வளைக்குள் இருக்கிறது என்று சொல்வார். அவரோடு திரிந்து எனக்கும் கொஞ்சம் பிடிபட்டது. மிருகங்களைப் படம் எடுக்க ஒரு வெள்ளைக்காரர் வந்தார். நாங்கள்தான் அவரை நரி வளைக்குக் கூட்டிப்போய், நம் வாடை நரிக்குப் போகாத பக்கமாகப் படுக்க வைத்தோம். அவர் தந்த படம்தான் அது. 'நான் எடுத்தது' என்று எழுதும்போது கை கூசியது. ஆனாலும் எழுதினேன்.

மாட்டுக்குப் பின்னால் போகிறவர் என்று நீ எழுதியதை வாசித்த பிறகு, என்னால் ஆடுகளின் முகத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை. றாபியாவின் காரியத்தைக் கெடுத்துவிடாதே.

றஹீம்

*

மாத்தளை,
03.05.1978

அன்பு மச்சானுக்கு,

கடிதம் கிடைத்த மறுநாளே உம்மாவோடு கலேவெலைக்கு பஸ் ஏறினேன். இத்ரூஸின் தாய் தேத்தண்ணீர் தந்தார். "எங்க வீட்டுக்காரர் ஆடுதான் மேய்க்கிறார். நான் பேசினது பிழை, மன்னிச்சுக்குங்க" என்றேன். அவர் கோபப்படவில்லை. "அதுக்கென்ன மகள். மகனுக்கு வேற இடத்துல பேசி முடிச்சிட்டோமே" என்றார்.

ஜைனுதீன் நானாவிடமும் உண்மையைச் சொன்னேன். படத்தைக் கழற்றித் தந்தார்.

உங்களைத் திட்டத்தான் பேனாவை எடுத்தேன். பொய் சொன்னது நீங்கள்தான். ஆனால் அதை வைத்துப் பெருமையடித்து இன்னொருவரைக் கேவலமாகப் பேசியது என் வாய். றாபியா என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வேண்டியதை உம்மாவிடம் சொல்லிவிடுகிறாள்.

முதலில் அவளுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். பிறகு எனக்கு எழுதலாம்.

ஸரீனா