நிலவரிப் பக்கம்

மச்சான்,

காலையில் நூலக அலமாரியைத் துடைக்கும்போது உன் ஹெட்போன் கிடைத்தது. காதில் படும் பஞ்சு உரிந்து, நீ சுற்றிய கறுப்பு டேப்போடு அப்படியே இருக்கிறது. இத்தனை மாதம் கழித்தும் உன் தலை எண்ணெய் வாசனை போகவில்லை. எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். முதலில் வந்தது எரிச்சல்தான்.

எம்.ஏ. வரலாறு படித்த நாட்களில் உனக்குப் புத்தகம் என்றால் என் குரல்தான். சிதம்பரத்தில் விடுதி வராந்தாவில் நான் படிப்பேன், நீ கால் பெருவிரலை ஆட்டிக்கொண்டே கேட்பாய். பார்வையில்லாத நண்பனுக்குப் படித்துக் காட்டுகிறான் என்று போகிறவர் வருகிறவர் என்னை மரியாதையாகப் பார்ப்பார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது, உன்னிடம் ஒளிப்பானேன். நிலவரி, மகசூல் என்று வரும் பக்கங்களில் மட்டும் கொட்டாவி வரும். நாலு பத்தியைத் தாண்டி அடுத்ததற்குப் போய்விடுவேன்.

படிப்பு முடிந்து எனக்குப் பல்கலைக்கழக நூலகத்திலேயே புத்தகம் ஸ்கேன் செய்யும் வேலை கிடைத்தது. அதே சமயம் அங்கே பார்வையில்லாத உங்களுக்கென்று ஓர் அறையும், திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் மென்பொருளும் வந்தன. ஒரே வாரத்தில் அந்தக் குரலை எனக்கு ஒரு சொல்கூடப் புரியாத வேகத்துக்கு ஓட்டிவிட்டாய். அதற்குத் தொண்டை கட்டுவதில்லை, டீ கேட்பதில்லை. நம் பழைய பாடப் புத்தகத்தையும் அதில் போட்டுக் கேட்டுவிட்டு வந்து, "நிலவரி பக்கத்தையெல்லாம் முழுங்கிட்டியேடா" என்று சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. ஒரு இயந்திரத்தின் மேல் வயிறெரிந்த ஆள் இந்தக் கடலூர் மாவட்டத்திலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

அதனால்தான் அதைச் செய்தேன். நீ ஆய்வுப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு எழுதவிருந்தாய். கேட்ட புத்தகத்தை ஸ்கேன் செய்தேன். எழுத்தாக மாற்றாமல் வெறும் படமாகவே அனுப்பினேன். படத்தின் முன்னால் அந்தக் குரல் வாயே திறக்காது. பழைய புத்தகம், எழுத்து எடுக்கவில்லை என்று போனில் பொய் சொன்னேன். நான் எதிர்பார்த்தபடியே நீ காட்டுமன்னார்கோயிலிலிருந்து பஸ் ஏறி வந்தாய். நான்கு நாட்கள் படித்துக் காட்டினேன். அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

நான்காம் நாள், நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது சொன்னாய்: "போன மாசம் இதவிடப் பழைய புஸ்தகத்தையே அந்தக் குரல் நல்லாத்தான் படிச்சிச்சு மச்சான். எனக்கு நீ இருக்க. ஸ்ரீமுஷ்ணத்துப் பொண்ணும் இதே ஃபைலத்தான் வச்சிக்கினு இருக்குது. அதுக்கு யாரு படிப்பா?"

நம்மோடு படித்த அவளுக்கும் பார்வை கிடையாது. அவளுக்கும் அந்தத் தேர்வுதான், நான் அனுப்பும் கோப்பு நூலகத்திலிருந்து அவளுக்கும் போகும். அவள் நினைப்பே எனக்கு வந்திருக்கவில்லை. அன்று மாலைக்குள் எல்லாப் பக்கத்தையும் எழுத்தாக மாற்றி அனுப்பினேன். உனக்கு இடம் கிடைத்தது. அவளுக்கு ஒரு வருடம் போனது. அந்த நான்கு நாட்களால்தானா என்று யாராலும் சொல்ல முடியாது, ஆனால் நான் அப்படித்தான் நினைக்கிறேன். அவள் இன்றுவரை என்னிடம் எதுவும் கேட்டதில்லை. நீ சொல்லியிருக்க மாட்டாய்.

நோய் முற்றி நீ படுத்திருந்த கடலூர் ஆஸ்பத்திரிக்கு உன்னைப் பார்க்க வந்தபோதும் அந்தக் குரல்தான் நம் பழைய பாடப் புத்தகத்தை உன் காதில் ஓட்டிக்கொண்டிருந்தது. ஹெட்போனைக் கழற்றி என் மடியில் வைத்தாய். "இது ஒரே மாதிரி பேசுது. நீ படி. வரி பக்கம் வந்தா உட்டுடு" என்றாய். நான் ஒரு வரியும் விடவில்லை. நீ தூங்கிவிட்டது தெரிந்த பிறகும் படித்துக்கொண்டிருந்தேன். என்னோடே வந்துவிட்ட ஹெட்போனைத் திருப்பித் தருவதற்குள், மறு வாரம் நீ இல்லை.

இப்போது ஒவ்வொரு கோப்பையும் அனுப்புவதற்கு முன் திரையை அணைத்துவிட்டு, முதலிலிருந்து கடைசிவரை அந்தக் குரலில் கேட்டுப் பார்க்கிறேன். ஒரு பக்கம் ஊமையாக இருந்தாலும் திருத்தாமல் அனுப்புவதில்லை. அதனோடு வேலை செய்யப் பழகிவிட்டேன். ஆனால் பொறாமை போகவில்லை மச்சான். நிலவரிப் பக்கம் வந்தால் மட்டும் அதைக் கேட்டு முடித்துவிட்டு, ஹெட்போனைக் கழற்றி வைத்து, நானே ஒருமுறை வாய்விட்டுப் படிக்கிறேன். அதை மட்டும் அந்தக் குரலுக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.