பில்ட் பச்சையான பிறகு

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் சிட்டு அனுப்பியதற்குச் சிவப்புதான். கழுதை அவள் மேசையை விட்டு நகரவில்லை.

எங்கள் குழுவின் வழக்கம் இது. யார் அனுப்பிய நிரலால் பில்ட் உடைகிறதோ, அது பச்சையாகும்வரை அந்தத் துணிக்கழுதை அவர் மேசையில் உட்கார்ந்திருக்கும். விளையாட்டுக்குத்தான். ஆனால் வாரக்கணக்கில் ஒரே மேசையில் இருந்தால்? அவள் பையன் வீடியோ அழைப்பில் அதைப் பார்த்துவிட்டு "அம்மா, அது எனக்கா?" என்று கேட்டானாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

"என் கம்ப்யூட்டர்ல நல்லா ஓடுதுக்கா. சர்வர்லதான் உடையுது."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றேன். நாலு பேர் சிரித்தார்கள். அவள் முகம் சுண்டிப்போயிற்று. ஏன் சொன்னேன்? இந்த வாய் இருக்கிறதே.

மார்ச் 5, புதன்

"அது என்ன, பில்ட் பில்ட்னு தூக்கத்துலகூடப் புலம்பற?" என்றார் இவர். பல்செட் செய்கிற இடத்தில் வேலை பார்ப்பவர். அவருக்குப் புரிகிற மாதிரியே சொன்னேன். ஆளாளுக்கு எழுதிக் கொடுக்கும் துண்டுகளை ஒரு சர்வர் தானாக எடுத்துப் பொருத்தும், கடிக்கவிட்டுப் பார்க்கும். சரியாக இருந்தால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. எப்படிப் பொருத்த வேண்டும் என்று அதற்குச் சொல்லிக் கொடுக்கும் கான்ஃபிக் கோப்பு என் பொறுப்பு. போன மாதம்தான் அதில் கை வைத்து வேகத்தைக் கூட்டினேன். லைப்ரரி என்று நாங்கள் சொல்லும், வேறு யாரோ எழுதிவைத்த ஆயத்த நிரல்களை ஒவ்வொரு தடவையும் புதிதாக இறக்காமல், ஒருமுறை இறக்கியதையே வைத்துக்கொண்டு பயன்படுத்தும்படி செய்தேன். காத்திருந்து காத்திருந்து அலுத்துப்போயிருந்த ஆபீசே மெச்சியது.

"அப்போ அந்தப் பொண்ணு செஞ்சு குடுக்கறதுதான் பொருந்தலையா?"

"ஆமாம்" என்றேன். எவ்வளவு நிச்சயமாகச் சொன்னேன்!

மார்ச் 7, வெள்ளி

சிட்டுவின் சோதனைக்காலம் இந்த மாதத்தோடு முடிகிறது. குழந்தைக்காக வேலையை விட்டுவிட்டு, சில வருடம் கழித்து இப்போதுதான் திரும்பி வந்திருக்கிறாள். நிரந்தரமாக்குவதா, அனுப்பிவிடுவதா என்று மேலாளர் சீக்கிரம் எழுதியாக வேண்டும். அது தெரிந்துதானோ என்னவோ, காப்பி மெஷின் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, சர்வர்ல எடுத்து வெச்சிருக்கற பழைய லைப்ரரியெல்லாம் தூக்கிட்டு ஒருதடவை ஓட்டிப் பாக்கறீங்களா? எனக்கு அந்த அனுமதி இல்ல."

"பாக்கறேன்மா."

பார்க்கவில்லை. வேலை அதிகம் என்று எழுத வந்தேன். பொய் எதற்கு, இங்கே யார் படிக்கப்போகிறார்கள்? என் கான்ஃபிக்கில் குறையா என்ற கொழுப்புதான்.

மார்ச் 10, திங்கள்

அடிப்பாவி. நான்தான்.

இன்றைக்குத்தான் லாக்கை, சர்வர் தன் வேலையை வரிவரியாக எழுதிவைக்கும் பதிவை, மேலிருந்து கீழ்வரை படித்தேன். இத்தனை நாளும் சிவப்பு வரியைப் பார்த்தேன், அவள் பெயரைப் பார்த்தேன், முடிவு கட்டினேன், அவ்வளவுதான். அவள் கேட்பது ஒரு லைப்ரரியின் நான்காம் பதிப்பு. சர்வர் எடுத்துக் கொடுப்பதோ மூன்றாம் பதிப்பு. ஏன்? எடுத்து வைத்ததற்கு ஒரு பெயர் வைக்க வேண்டும். பதிப்புப் பட்டியல் மாறும்போதெல்லாம் அந்தப் பெயரும் மாற வேண்டும், அப்போதுதான் பழையது போய்ப் புதியது இறங்கும். நான் வைத்திருந்த பெயர் ‘சோதனை1’. முதலில் ஓடுகிறதா பார்ப்போம், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று வைத்தது. மாற்றவே இல்லை. மற்றவர்கள் யாரும் புதுப் பதிப்பு எதையும் கொண்டுவரவில்லை, அவர்களுக்கெல்லாம் பச்சை. கொண்டுவந்தவள் இவள் ஒருத்தி.

ஒரு வரிதான். மாற்றினேன், ஓட்டினேன், பச்சை.

"அக்கா, வந்துடுச்சு!" என்று நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள்.

"பாத்தியா?" என்றேன் நான். பாத்தியாவாம்! வெட்கங்கெட்டவள்.

மார்ச் 11, செவ்வாய்

காலைக் கூட்டத்தில் மேலாளர் கேட்டார், "என்னதான் பிரச்சினை?"

"பழைய லைப்ரரி ஒண்ணு சிக்கிட்டிருந்துது சார். எடுத்துட்டேன்."

ஏதோ அதுவாகப் போய்ச் சிக்கிக்கொண்டது போல. "அக்கா கை வெச்சா தீராத வியாதி உண்டா!" என்று கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள். சிட்டுவும் என்னைப் பார்த்துக்கொண்டே தட்டினாள். உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன் — சிரித்துவிட்டு உட்கார்ந்தேன்.

மார்ச் 12, புதன்

சோறு இறங்கவில்லை. இவரிடம் கொட்டிவிட்டேன்.

"உடைச்சதும் நீ, ஒட்டுனதும் நீ. சரியாப் போச்சே?" என்றார். கை கழுவிவிட்டு வந்து, "அந்தப் பொண்ணுகிட்ட சொன்னியா?" என்றார்.

பாத்திரம் கழுவப் போய்விட்டேன். கழுவியதையே திரும்பக் கழுவினேன்.

மார்ச் 13, வியாழன்

இன்று சொல்லியே தீருவது என்று போனேன். பையனுக்குக் காய்ச்சல் என்று சீக்கிரமே கிளம்பிவிட்டாள். எனக்கு வந்த நிம்மதி இருக்கிறதே — சீ.

மார்ச் 14, வெள்ளி

பையனுக்குக் காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று சிட்டுவிடம் விசாரித்துக்கொண்டிருந்தேன், மேலாளர் அறைக்குக் கூப்பிட்டார்.

"நல்ல பொண்ணுதான். ஆனா வந்ததுலேர்ந்து பாதி நாள் சிவப்பு. இடைவெளி விட்டதுல கை துருப்பிடிச்சுப் போச்சுபோல. வேண்டாம்னு எழுதிடலாம்னு இருக்கேன். நீங்க பக்கத்துலயே இருக்கீங்க, என்ன சொல்றீங்க?"

துருப்பிடித்தது அவள் கையா!

சொல்லிவிட்டேன். முன்னுக்குப் பின் உளறி, திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்து, ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். "காரணத்தைச் சொன்னதும் அவதான் சார். நான் அதை ஓட்டிப் பாத்தேன், அவ்வளவுதான்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "அன்னைக்கே கூட்டத்துல சொல்லியிருந்தா சிரிச்சுட்டுப் போயிருப்போம். இன்னிக்கு நான் உங்களைக் கேக்காம எழுதியிருந்தா?"

திங்கட்கிழமை எல்லோர் முன்னாலும் நானே சொல்கிறேன் என்றேன்.

மார்ச் 17, திங்கள்

சொன்னேன். யாரும் என்னைக் கடித்துத் தின்னவில்லை. பின்வரிசைக்காரன் ஒருவன் கழுதையைத் தூக்கிவந்து என் மேசையில் வைத்தான், ஒரே சிரிப்பு. சிட்டு மட்டும் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மத்தியானம் அவளிடம் போய் "மன்னிச்சுக்கம்மா" என்றேன். "பரவாயில்லக்கா" என்றாள்.

மார்ச் 26, புதன்

சிட்டுவுக்கு நிரந்தர உத்தரவு வந்துவிட்டது. மேலாளர் என் வயிற்றில் பாலை வார்த்தார். வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டேன்.

மார்ச் 28, வெள்ளி

மேல்மாடிக் குழுவுக்கு மாற்றம் கேட்டிருக்கிறாள். கிடைத்தும் விட்டது. எனக்கு இன்று காலையில்தான் தெரியும்.

அவள் சாமான்களை அட்டைப்பெட்டியில் போட்டு, லிஃப்ட்வரை நான் தூக்கிக்கொண்டு வந்தேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. "என்னாலதானே?"

லிஃப்ட் பொத்தானை அழுத்திவிட்டுச் சொன்னாள். "அன்னைக்கு உங்ககிட்ட வந்து கேட்டப்பவே தப்பு எங்கன்னு எனக்குத் தெரியும்க்கா. கான்ஃபிக்க மாத்தத்தான் எனக்கு அனுமதி இல்ல, படிக்கலாமே. நாலு பேர் முன்னாடி உங்களைச் சொல்ல வேண்டாம், நீங்களே பாத்துச் சொல்லிக்குவீங்கன்னு விட்டுட்டேன்."

"சொன்னேனேம்மா..."

"சொன்னீங்க. அதனாலதான் இன்னிக்கு வேலையில இருக்கேன், மறக்க மாட்டேன். ஆனா அதுக்கு முன்னாடி, உங்களுக்கு எல்லாம் தெரிஞ்ச பிறகும், தினம் பக்கத்துல உக்காந்து என்கிட்ட சிரிச்சுப் பேசினீங்க. பையனுக்குக் காய்ச்சல் எப்படி இருக்குன்னு கேட்டீங்க. அதைத்தான் தாங்க முடியலக்கா."

லிஃப்ட் வந்தது. பெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

காய்ச்சலைப் பற்றி நான் நிஜமான அக்கறையோடுதான் கேட்டேன். இனி அதை யாரிடம் போய்ச் சொல்வது?