கம்பளிக்காரன் பேசலாமா

ஜூலை 3, வியாழன்

காலை ஏழு மணிக்கே அனல். மோட்டார் ஓடுகிறது, தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை. எலக்ட்ரீஷியனுக்குச் சொல்ல வேண்டும். இடது முழங்கால் வலி.

பால்காரர் இரண்டு லிட்டர் ஊற்றிவிட்டுப் போயிருக்கிறார். நமக்கு அரை லிட்டரே மிஞ்சும். போனில் கேட்டால், "நேத்து சாரத்தான் கேட்டேன் டீச்சர், நாளைக்கு ரெண்டு லிட்டரா ஊத்தட்டுமான்னு. ஆங்ன்னாரே" என்கிறார். அவர் மேல் தப்பில்லை. தை மாதக் கடைசியில் பக்கவாதம் வந்ததிலிருந்து என் வீட்டுக்காரர் வாயில் மிஞ்சியிருப்பது அந்த ஒரு சொல்தான். சாப்பிட்டீர்களா, ஆங். வலிக்கிறதா, ஆங். வலிக்கவில்லையா, அதற்கும் ஆங்.

ரயில்வே சிக்னலில் இருந்த காலமெல்லாம் யார் சொன்னதற்கும் லேசில் சரி சொல்லாத மனிதர். பொங்கலுக்கு எவ்வளவு வெல்லம் என்பதற்கே அரை மணி நேரம் வாதாடுவார். இப்போது எல்லாவற்றுக்கும் சம்மதம். வீடு பரீட்சை ஹால் மாதிரி இருக்கிறது.

ஆறு மாதத்துக்குள் வருகிற பேச்சுதான் பெரும்பாலும் வரும் என்று வேலூர் டாக்டர் சொன்னார். இந்த மாதத்தோடு ஆறு.

பாலில் பாதியைத் தயிருக்குத் தோய்த்தேன். மீதி அடுத்த வீட்டுக்கு.

பதினோரு மணிக்கு நந்தினி. அரக்கோணத்திலிருந்து ரயிலில் வருகிறாள். பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி இரண்டும் அவளே. பொறுமைசாலி. படம் போட்ட அட்டையைக் காட்டி, "இது பூனையா சார்?" "ஆங்." "இது நாயா?" "ஆங்." இரண்டும் ஒரே அட்டை.

அந்த நேரத்தில்தான் என் தம்பி தணி வந்தான். சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறான், குரலும் அந்த அளவில்தான். அக்கா புருஷனை அவன் கூப்பிடுவது பாவா என்று.

"பாவா! வந்துட்சி பாவா! கம்பளிக்காரன மறுபடியும் எடுத்துட்டானுங்க!"

இங்கிலீஷ் பேய்க்கொலைப் படம். பேய் கிடையாது, கொலை மட்டும். பனி மலையில் பாழடைந்த விடுதி, தலையோடு கம்பளி சுற்றிய ஒருவன், தங்க வருகிறவர்கள் ஒவ்வொருவராகக் காலி. ஏழு பாகம் வந்தது. அசல் பெயர் இங்கே யார் வாயிலும் நுழையாததால் எங்கள் பக்கத்தில் அது கம்பளிக்காரன் படம். இவரும் தணியும் பாதி ஆயுளை அதில்தான் கழித்தார்கள். இவருக்கு மூன்றாம் பாகம்தான் உச்சம். தணிக்கு முதல் பாகம் தவிர மற்றதெல்லாம் குப்பை. பீன்ஸ் நறுக்கிக்கொண்டே நானும் ஏழையும் பார்த்திருக்கிறேன். என் அபிப்பிராயத்தை யாரும் கேட்டதில்லை.

நந்தினி, "நான் பார்த்துட்டேன் சார். புதுசு செமையா இருக்கு" என்றாள்.

"பழசு பாத்துகிறியாம்மா?"

"ஒண்ணு பார்த்தேன். பாதியில தூங்கிட்டேன்."

தணி முகத்தைப் பார்க்க வேண்டுமே. கோயிலில் மைக் அணைந்த மாதிரி.

புதுப் படத்தில் கம்பளிக்காரனுக்குச் சின்ன வயதுக் கதை வைத்திருக்கிறார்களாம். நடக்காமல் ஓடுகிறானாம். அது போகட்டும். கடைசியில் வாயைத் திறந்து பேசுகிறானாம்.

"இன்னாது? பேசறானா?" தணி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். "ஏழு படத்துல ஒரு வார்த்த பேசுனதில்ல அவன். பேசுனா அவனும் நம்மள மாதிரி ஆளாயிட்டான். அப்புறம் இன்னா பயம் இருக்குது?"

"பேசுறதுதான் சார் பயமே. நீங்க பார்த்துட்டுச் சொல்லுங்க."

நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. உதாரணம் சொல்கிற வியாதி போகவில்லை. எங்கள் பள்ளிக்கு வரும் இன்ஸ்பெக்டர்களில் கத்துகிறவர்களைக் கண்டு யாரும் நடுங்கியதில்லை. ஒருவர் மட்டும் பேசவே மாட்டார். பாடத்திட்ட நோட்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுவார். தலைமையாசிரியருக்கே வியர்த்துவிடும். "வாயைத் திறக்காத ஆளிடம்தான் பயம்" என்றேன்.

சொன்ன பிறகுதான் பார்த்தேன். இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 4, வெள்ளி

மோட்டாரில் வால்வு போயிருக்கிறதாம். மதியம் மேகம், மழை இல்லை.

மாத்திரை வாங்க: பி.பி., ரத்தம் உறையாமல் இருக்க, வயிற்றுக்கு. கூடவே ராகி மாவு, பேட்டரி, தலைவலித் தைலம் (எனக்கு).

வாட்ஸ்அப்பில் இவர்களுக்கு ஒரு கம்பளிக்காரன் குழு. இவர் போனில் செய்திகள் கொட்டிக்கொண்டே இருக்கின்றன. தணி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினான். அம்மையார்குப்பம் பாண்டுரங்கன் குரலுக்குப் பின்னால் தறி ஓடுகிறது. கத்திப் பேசுகிறார். "தணி, படம் பரவால்ல. ஓட்றது கூட ஒத்துக்கலாம். ஆனா அந்தக் கம்பளி கீது பாரு, அது கம்பளியே இல்லப்பா. பாலியஸ்டரு. தண்ணில நனஞ்சா அப்டியா தொங்கும்?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவரைப் பார்த்தேன். உதட்டோரத்தில் எதுவும் இல்லை. வலது பக்கம் எப்போதும் இல்லை, நான் பார்த்தது இடது பக்கத்தை.

வகுப்பில் ஒரு வழி வைத்திருந்தேன். வாயே திறக்காத பிள்ளையிடம் கேள்வி கேட்டால் இன்னும் சுருண்டுவிடும். கேட்கக் கூடாது. தண்ணீர் ஐம்பது டிகிரியில் கொதிக்கும் என்று கரும்பலகையில் எழுதிவிட்டுச் சும்மா நிற்க வேண்டும். தப்பைப் பொறுக்க முடியாமல் அதுவே ஒரு நாள் பேசிவிடும். அதை இவரிடம் செய்து பார்த்தேன்.

சாப்பாடு ஊட்டும்போது, "மூன்றாம் பாகத்தில் அந்தப் பெண் கிணற்றில் விழுந்து செத்துப்போவாளே" என்றேன். அவள் சாகமாட்டாள். பால் வண்டியில் ஏறித் தப்பிப்பாள். அந்தக் காட்சியை எனக்கே எத்தனை தடவை நடித்துக் காட்டியிருக்கிறார்.

"ஆங்."

"மூன்றாம் பாகமே சுமார்தான், இல்லையா?"

"ஆங்."

பழைய ஆளாக இருந்தால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்திருப்பார். மீதிச் சோற்றை ஊட்டினேன். பின்பக்கம் போய்த் துவைக்கிற கல்லருகில் கொஞ்ச நேரம் நின்றேன்.

ஜூலை 6, ஞாயிறு

தூக்கம் சரியில்லை. கோயில் மலைக்குப் போகிற வண்டிகளின் ஹாரன் விடியற்காலையிலிருந்தே.

பெங்களூரிலிருந்து மகள். "நைனாகிட்டக் குடும்மா." போனை இவர் காதில் வைத்தேன். "நைனா, நா பேசறது கேக்குதா?" ஆங். "நல்லா இருக்கியா?" ஆங். "நா வரட்டுமா?" ஆங். "வர வேணாமா?" ஏன் அப்படிக் கேட்டாளோ. ஆங். போன் மறுபடி என் கைக்கு வந்தபோது அவள் அழுதுகொண்டிருந்தாள். நான் அழவில்லை. எனக்கு அழக்கூட அசதி.

சாயந்திரம் தணி. இவரைப் படத்துக்குக் கூட்டிப்போகிறானாம். திருத்தணியில் பெரிய ஹீரோ படம் ஓடுவதால் கம்பளிக்காரனுக்கு இடமில்லை. எல்லையைத் தாண்டி நகரியில் தெலுங்கில் ஓடுகிறது. இவர் வீட்டில் சின்ன வயதில் தெலுங்குதான், அதனால் மொழி பிரச்சினை இல்லை. பிரச்சினை எனக்குத்தான்.

"இந்த உடம்போடு தியேட்டருக்கா? உனக்குப் புத்தி இருக்கிறதா தணி?"

அவன் எப்போதும் பதிலுக்குக் கத்துவான். இன்றைக்குக் கத்தவில்லை.

"அக்கா, நா இன்னா சொன்னாலும் ஆங்ன்றாரு. ஒண்ணாம் பாகந்தான் பெஸ்ட்டு பாவான்னேன். அதுக்கும் ஆங். முப்பது வருசமா ஒத்துக்காத மனுசன்க்கா. நா யாராண்ட போய் சண்ட போடுவேன்? எனக்கும் ஒரு ஆள் வோணாமா?"

நான் இதுவரை அவனுக்கும் ஏதோ போய்விட்டது என்று நினைத்துப் பார்க்கவில்லை.

வேலூருக்குப் போன் செய்தேன். டாக்டரைக் கேட்டுவிட்டு நர்ஸ் சொன்னாள்: போகலாம், மாத்திரை தவறக் கூடாது, அதிக பரபரப்பு கூடாது. கொலைப் படம் என்று நான் சொல்லவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

போய் வந்தாயிற்று. கை வலிக்கிறது, ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

மதியக் காட்சி. தணியின் வேன். பின்னால் புனல் ஸ்பீக்கர்கள், நடுவில் இவரும் நானும். ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஸ்பீக்கர்கள் என் முதுகில் இடித்தன. தியேட்டர் படியேற்ற இரண்டு பேர் உதவினார்கள். ஒருவர், "பெத்தாயனகு ஈ சினிமானா?" என்றார். பெரியவருக்கு இந்தப் படமா என்று. ஆமாம் ஐயா, இந்தப் படம்தான்.

உள்ளே கூட்டமில்லை. மூத்திர நாற்றம், ஏ.சி. பேருக்கு. படம் எனக்குப் பிடிக்கவில்லை, கம்ப்யூட்டர் ரத்தம் குங்குமத் தண்ணீர் மாதிரி இருக்கிறது. அவன் ஓடுவது ரயிலைப் பிடிக்க ஓடுகிறவன் மாதிரி. தணி ஒவ்வொன்றுக்கும் தலையில் அடித்துக்கொண்டான்.

கடைசிக் காட்சி. கட்டிலுக்கு அடியில் அந்தப் பெண். கம்பளிக்காரன் குனிகிறான். வெகு நேரம் ஒன்றும் இல்லை. பிறகு, எங்கோ உள்ளிருந்து, துருப்பிடித்த கதவைத் தள்ளுகிற மாதிரி ஒரு குரல்: "சலேஸ்தோந்தா?" குளிருதா என்று.

தியேட்டரில் சிலர் சிரித்துவிட்டார்கள். தணி, "தூ!" என்றான். நான் இவரைப் பார்த்தேன். இடது கை நாற்காலிக் கட்டையை இறுகப் பிடித்திருந்தது. மாரடைப்போ என்று பயந்து நாடியைப் பிடித்தேன். என் கையைத் தள்ளிவிட்டுத் திரையையே பார்த்தார்.

திரும்பும்போது தணி வண்டியை ஓட்டினானோ ஸ்டியரிங்கைக் குத்தினானோ தெரியாது.

"குளிருதாவாம்! கொலகாரன் கேக்கற கேள்வியா இது? பாத்து பாத்து வளத்த ஆளு. ஒரு வார்த்தைல நாஸ்தி பண்ணிட்டானுங்க. இத்தினி படம் வாய மூடிகினு இருந்தவன இப்ப எதுக்குப் பேச உட்டானுங்க?"

"பேச...ட்டும்."

"இன்னா பாவா பேசட்டும்? பேசுனா போச்சு! ஒனுக்கு ஒண்ணுந் தெரியாது, கம்முனு இரு. பேசாம இருந்ததாலதான் அவன்—"

"பேச... ட்டும். அவ... னுக்கும் கு... குளிருது."

"குளுந்தா? குளுந்தா போத்திகினு தூங்கறது! கைல கத்தி எதுக்கு? மூணாம் பாகத்த தூக்கி வெச்சிகினு ஆடுன ஆளு நீ, நீ போயி இத..."

குறுக்கே பேசினால் உடைந்துவிடுமோ என்று வாயைப் பொத்திக்கொண்டேன். தணி பாட்டுக்குத் திட்டிக்கொண்டே ஓட்டுகிறான். செக்போஸ்ட் தாண்டி, கரும்பு லாரி ஒன்றுக்கு ஒதுங்கி, இன்னும் கொஞ்ச தூரம். பிறகு பேச்சு பாதியில் நின்றது. வண்டி புளியமரத்தடியில் ஓரங்கட்டியது. அவன் திரும்பவில்லை. கண்ணாடியில் பார்த்துக் கேட்டான்.

"அக்கா. இப்ப யார் பேசுனது?"

நான் பதில் சொல்வதற்குள் இவர், "மு... ட்டாள்" என்றார்.

ஜூலை 9, புதன்

காலை எட்டு வரை தூங்கிவிட்டேன். பால்காரர் மணியடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டாராம்.

நந்தினியிடம் சொன்னதும் குதித்தாள். உடனே தொழில் முகம் வந்துவிட்டது. "டீச்சர், கொஞ்சம் வந்துட்டுத் திரும்ப நிக்கலாம். எதிர்பார்ப்பு வச்சுக்காதீங்க." சரி அம்மா.

பூனை அட்டை. "இது நாயா சார்?" இவர் அட்டையையும் அவளையும் பார்த்தார். "இல்ல." பழ அட்டையைக் காட்டினாள். அட்டையை இடது கையால் நகர்த்திவிட்டு, "ப... படம்" என்றார். அட்டைப் படம் இல்லை, சினிமாப் படம். அதைப் பற்றிக் கேள் என்று.

"அப்ப சார் நம்ம கட்சி! புதுசுதானே நல்லா இருக்கு?"

"பேச... லாம்." மூச்சு வாங்கினார். "ஓட... க் கூடாது."

தணி கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். கண் சிவந்திருந்தது, ஆனாலும் விடவில்லை. "பாதிய ஒத்துக்கற, பாதிய ஒத்துக்கல. இன்னா தீர்ப்பு இது? ஒரு பக்கம் நில்லு பாவா!"

"போ... டா."

"நீ போய்யா!"

நந்தினி என்னைப் பார்த்தாள், நிறுத்தட்டுமா என்று. நிறுத்தாதே என்றேன். பாண்டுரங்கனுக்குக் குரல் பதிவு அனுப்பினார்கள். பேசலாம் என்ற ஒரே சொல்லை இவர் சொல்லி முடிக்கவே அத்தனை நேரம். அங்கிருந்து பதில் வந்தது, தறியை நிறுத்திவிட்டுப் பேசியிருக்கிறார். ஒரு சத்தமும் இல்லை. "அண்ணா" என்றார். அந்தப் பதிவு அவ்வளவுதான். அடுத்த பதிவு: "சரி அண்ணா, ஆனா அந்தக் கம்பளிய மட்டும் ஒத்துக்காதீங்க."

மகளுக்குச் சொன்னேன். வெள்ளிக்கிழமை வருகிறாள். படுக்கை விரிப்பு துவைக்க வேண்டும்.

நான் எந்தப் பக்கம் என்று தணி கேட்டான். வாயைத் திறக்காத ஆளிடம்தான் பயம் என்று வியாழக்கிழமை சொன்னதை இப்போதும் மாற்றப்போவதில்லை. அதனால்தான் கம்பளிக்காரன் வாயே திறக்காத அந்தப் பழைய ஏழையும் இனி நான் பார்க்கமாட்டேன் என்றேன். அவனுக்குப் புரியவில்லை.

ஜூலை 10, வியாழன்

வெயில். மோட்டார் சரியாகிவிட்டது. எனக்கு உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி.

காலையில் ராகிக் கஞ்சி. பி.பி.க்காகத் தையிலிருந்தே உப்பு பேருக்குத்தான் போடுகிறேன். தினமும் ஆங் என்று குடித்துவிடுவார்.

இன்றைக்கு ஒரு வாய். நிறுத்தினார்.

"உப்... பில்ல."

டாக்டர் சொல்லித்தான் என்றேன்.

"நல்லா... யில்ல."

அப்படி வந்தது கோபம். விடியலில் எழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு கிளறியது. இத்தனை மாதத்தில் ஒரு நாளும் இவரை ஏசியதில்லை, குரல் உயர்த்தியதில்லை. இன்றைக்கு ஏசினேன். நன்றாகவே ஏசினேன். இந்த வீட்டில் உப்பு கூடாது என்பது யார் வைத்த சட்டம், நேற்று தணியிடம் முறுக்கு கேட்டு அடம்பிடித்தது யார், இன்னும் என்னென்னவோ. அவரும் விடவில்லை. "உப்பு... உப்பு" என்று மேஜையைத் தட்டினார்.

கஞ்சியை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். குடித்தால் குடிக்கட்டும்.