நிற்கும் மரங்களை வெட்டியதாகப் பதிந்தது குறித்து

அனுப்புநர்:
க. பொற்கொடி,
க/பெ. கமலக்கண்ணன்,
மரப் பேலட் பட்டறை,
கால்நடைப் பண்ணைச் சாலை,
மத்திகிரி, ஓசூர்.

பெறுநர்:
தனி அலுவலர் அவர்கள்,
பட்டா நில மரவளத் திட்டப் பிரிவு,
ஓசூர்.

பொருள்: ராயக்கோட்டை அருகே தொட்டமேட்டூர் கிராமத்தில் நின்றுகொண்டிருந்த மலைவேம்பு மரங்களை, வெட்டப்பட்டவை எனப் பதிந்து அனுமதி மறுத்தது – எஞ்சிய நிலங்களுக்காகப் பதிவு முறையைத் திருத்தவும், ஆண்டுக்கு ஒரு பகுதி வெட்டி ஒரு பகுதி நடும் முறையை ஏற்கவும் வேண்டுவது – தொடர்பாக.

பார்வை: இதே பொருள் குறித்த என் முந்தைய மனுக்கள். (எதற்கும் பதில் வராததால் எண் குறிப்பிட இயலவில்லை.)

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் சிவகங்கைப் பக்கம் பிறந்தவள். கணவருக்கு ஓசூரில் வேலை கிடைத்ததால் இங்கு வந்தோம். மத்திகிரியில் சிறு பட்டறை வைத்து, தொழிற்சாலைகளிலிருந்து வெளியூர் போகும் இயந்திர பாகங்களுக்கு அடியில் வைக்கும் மரப் பேலட் செய்து கொடுக்கிறேன். பேலட் இல்லாமல் எந்தப் பெட்டியும் லாரியில் ஏறாது. என்னிடம் வேலை செய்பவர்களில் பாதிப் பேர் பெண்கள். எங்களுக்கு ஆண்டு முழுவதும் மரம் வேண்டும். மொத்தமாக ஒரு நாள் வந்து குவிய வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டே இருந்தால் போதும். இந்த எளிய விஷயத்தைச் சொல்லவே இத்தனை மனு எழுத வேண்டியிருப்பது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

2. சுமார் பத்து ஆண்டுகளுக்கு முன் தங்கள் பிரிவு தொட்டமேட்டூரில் முகாம் நடத்தி, ஒரே மழைக்காலத்தில் ஊர் முழுவதும் மலைவேம்பு நடச் செய்தது. நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பீர்கள். ஆனால் ஒன்றாக நட்டது ஒன்றாகத்தான் வெட்டுக்கு வரும். மரம் முற்றிய கோடையில் ஊரே வெட்டியது. என்னைப் போன்ற சிறு பட்டறைகளில் இறக்கி வைக்க இடமில்லை. வியாபாரிகள் லாரியைத் திருப்பிக்கொண்டு போனார்கள். ரோட்டோரம் கிடந்து வெடித்த மரம் கடைசியில் செங்கல் சூளைக்கு விறகாகப் போனது. அடுத்த ஆண்டே மரத்துக்குத் தட்டுப்பாடு. நான் கர்நாடகப் பக்கம் ஆனேக்கல் வரை அலைந்து, கெஞ்சி மரம் வாங்கி வந்தேன்.

3. அப்படி அலைந்த நாட்களில்தான் தொட்டமேட்டூரில் திருமதி சென்னம்மாள் அவர்களின் வீட்டுக்குப் போனேன். வீட்டில் தெலுங்கு பேசும் விவசாயக் குடும்பம். நிலமும் கணக்கு வழக்கும் அவர் பொறுப்பு. மரம் இருக்கிறதா என்று கேட்டதும் அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அன்னிக்கு எங்கம்மா போயிருந்த நீ? லாரிக்காரன் கால்ல விழாத கொறையா நின்னேன். வேணான்னுட்டுப் போனான். இப்ப மரம் வேணும்னு என் வாசல்ல வந்து நிக்கற."

திரும்பி நடந்து பஸ் நிறுத்தத்துக்கு வந்துவிட்டேன். பின்னாலேயே அவரும் வந்தார். பஸ் வருவதற்குள் நாங்கள் இருவரும் பேசியதுதான் இந்த மனுவில் நான் கேட்கும் முறை.

4. அது வேறொன்றும் இல்லை. ஒருவர் தம் நிலத்தை நான்கைந்து பாகமாகப் பிரித்துக்கொள்வது. ஆண்டுக்கு ஒரு பாகம் மட்டும் வெட்டுவது. வெட்டிய இடத்தில் அந்த மழைக்கே மறுபடி நடுவது. வெறும் நிலம் வைத்திருப்பவர் ஆண்டுக்கு ஒரு பாகம் நட்டுக்கொண்டே போவது. வரும் மரத்தை எந்த ஆண்டும் தட்டாமல் எடுத்துக்கொள்வதாக நானும் இன்னும் இரண்டு பட்டறைக்காரர்களும் வாக்குக் கொடுத்தோம். சென்னம்மாள் அம்மா ஊரில் வீடு வீடாகப் போய்ப் பேசினார். ஆறு குடும்பங்கள் சம்மதித்தன. அவர்களில் முதலில் சரி என்றவர் திரு. ராமப்பன். அந்தக் கோடையில் லாரி கிடைக்காததால் வெட்டாமலே விட்டவர் அவர்; அவருடைய மரங்கள் நன்றாகப் பருத்து நின்றன.

5. தங்கள் அலுவலகத்தில் கன்று கேட்டோம். நிலம் முழுவதும் ஒரே தடவையில் நட்டால்தான் கன்று தர முடியும், பாகம் பாகமாக என்றால் இந்த ஆண்டு இலக்கில் காட்ட முடியாது என்றார்கள். மூங்கில் வேண்டுமானால் தருகிறோம் என்றும் சொன்னார்கள். நாங்கள் மூங்கில் கேட்கவில்லை. சென்னம்மாள் அம்மா வெளி நாற்றங்காலில் கன்று வாங்கி முதல் பாகத்தை நட்டார்.

6. ராமப்பன் முறைப்படி அனுமதி வாங்கித் தம் முதல் பாகத்தை வெட்டினார். அந்த மரம் என் பட்டறைக்கு வந்தது. வெகு நாட்களுக்குப் பிறகு ரம்பம் நிற்காமல் ஓடிய மாதங்கள் அவை. வெட்டிய இடத்தில் அவர் கன்றும் நட்டுவிட்டார். பிறகு தங்கள் கள ஆய்வாளர் வந்து படம் எடுத்துச் சென்றார். தங்கள் கணினியில் ஒரு நிலத்துக்கு 'நிற்கிறது' அல்லது 'வெட்டப்பட்டது' என்ற இரண்டு பதில்தானாம். பாதி என்று எழுத இடமில்லையாம். அவர் 'வெட்டப்பட்டது' என்று பதிந்துவிட்டார்.

7. மறு ஆண்டு இரண்டாம் பாகத்துக்கு அனுமதி கேட்டபோது, அந்த நிலத்தில் மரமே இல்லை என்று பதில் வந்தது. ஆய்வாளரை நேரில் அழைத்துச் சென்றோம். அவரும் வந்தார், மரியாதையாகவே பேசினார். வெயிலுக்கு ஒரு மலைவேம்பின் நிழலில் நின்றுகொண்டு, சிஸ்டத்தில் இல்லாத மரத்துக்குத் தாம் எப்படி அனுமதி தருவது என்று எங்களையே கேட்டார். ராமப்பன் அவர் சாய்ந்திருந்த மரத்தைத் தட்டிக் காட்டினார். மேலிடத்தில்தான் திருத்த வேண்டும் என்று சொல்லிவிட்டு ஆய்வாளர் போய்விட்டார்.

மேலிடத்துக்குப் போனோம். பட்டா நிலத்து மரம் வேளாண் துறை சார்ந்தது என்றார்கள். வேளாண் துறையில் மரம் என்றால் வனத்துறை என்றார்கள். மாவட்டத் தொழில் மையத்தில், பேலட் செய்தபின் வாருங்கள், மரம் எங்கள் பொருள் அல்ல என்றார்கள். ஐயா, மரம் யாருடையது என்று கேட்டு நான் எங்கும் போகவில்லை. அது ராமப்பனுடையது. அதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

8. இதற்கிடையில் என் பட்டறையில் மரம் தீர்ந்தது. எங்களிடம் வழக்கமாக வாங்கும் தொழிற்சாலை பிளாஸ்டிக் பேலட்டுக்கு மாறிவிட்டது. சொன்ன நாளில் கொடுக்க முடியாதவளிடம் அவர்கள் எத்தனை நாள் காத்திருப்பார்கள்? பட்டறை தொடங்கிய நாள் முதல் என்னுடன் இருந்த இருளாயி, ரோஜாப் பண்ணைக்கு வேலைக்குப் போய்விட்டாள். போகும்போது என் மேல் அவளுக்குக் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

9. சென்ற மாதம் சென்னம்மாள் அம்மா போன் செய்து, ராமப்பன் நிலத்தில் ஜேசிபி நிற்கிறது, உடனே வா என்றார். நான் பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் பாதித் தோப்பு சாய்ந்திருந்தது. நிலத்தை வாங்கிய மனைப்பிரிவுக்காரர்கள் ஓரமாகக் கல் நட்டுக்கொண்டிருந்தார்கள். வெட்டிய இடத்தில் நட்ட இளங்கன்றுகள் மேலும் சக்கரம் ஏறியிருந்தது. கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா என்று ராமப்பனிடம் கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்: "இல்லாத மரத்தத்தானம்மா தள்றேன். யாரு கேக்கப் போறாங்க?"

யாரும் கேட்கவில்லை. என் பட்டறையை மாதக்கணக்கில் ஓட்டியிருக்கக்கூடிய மரம் இலை வாடாமல் கிடந்தது. அனுமதிச் சீட்டு இல்லாததால் ஒரு துண்டைக்கூட நான் ஏற்றி வர முடியவில்லை. சென்னம்மாள் அம்மா வரப்பில் உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் வரை நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

10. ராமப்பன் நிலத்துக்கு இனித் தாங்கள் செய்ய ஒன்றுமில்லை. அதற்காக இந்த மனு இல்லை. மீதி ஐந்து குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களில், ராமப்பனைப் போல அன்று வெட்டாமல் விட்ட இருவர் இந்த ஆண்டு முதல் பாகம் வெட்டக் காத்திருக்கிறார்கள். வெட்டினால் தமக்கும் இதே கதிதான் என்று பயப்படுகிறார்கள். போன வாரம் தங்கள் பிரிவின் ஆட்டோ மைக் கட்டிக்கொண்டு அதே ஊருக்குள் வந்து, மறுபடி முகாம் நடக்கப்போகிறது, இந்த மழைக்கு எல்லோரும் நிலம் முழுவதும் மலைவேம்பு நட முன்வர வேண்டும் என்று அறிவித்துச் சென்றது. அதைக் கேட்ட பிறகுதான் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

11. ஆகவே, தாங்கள் அந்த முகாமுக்கு முன் ஒருமுறை தொட்டமேட்டூருக்கு நேரில் வர வேண்டும். ஒரே நிலத்தில் வெட்டிய பாகமும் நிற்கும் பாகமும் சேர்ந்து இருக்கலாம் என்பதைப் பதிவில் ஏற்க வேண்டும். பாகம் பாகமாக நடுபவர்களுக்கும் கன்று தர வேண்டும். எந்த ஊரில் எந்த ஆண்டு எவ்வளவு வெட்டுக்கு வரும் என்பதை எங்களைப் போன்ற பட்டறைக்காரர்களையும் வைத்துப் பேசி முடிவு செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

12. இந்த மனுவை சென்னம்மாள் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ராமப்பனைப் பற்றி எழுதிய இடத்தில் நிறுத்தச் சொல்லி, மறுபடி ஒருமுறை படிக்கச் சொன்னார். அவர் தம் அடுத்த பாகத்துக்குக் குழி எடுத்து முடித்துவிட்டார். தங்கள் பதில் வந்தாலும் வராவிட்டாலும் இந்த மழைக்கு நடப்போகிறார். அந்த மரங்கள் வெட்டுக்கு வரும் நாளில், அவை இருக்கின்றன என்று எழுதித் தர ஓர் அலுவலர் வேண்டும். எங்களுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

தங்கள் வருகைக்குக் காத்திருக்கும்,

க. பொற்கொடி

உடன் கையொப்பமிடுபவர்: சென்னம்மாள், தொட்டமேட்டூர் (கையொப்பம் தெலுங்கில்)

இடம்: மத்திகிரி
நாள்: 12.06.2025