பார்க்காத ஊரில் மூன்று இரவு

மார்ச் 3

ஓய்வு பெற்று இன்றோடு முப்பத்தோரு நாள். காலை ஐந்தரைக்கே விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து எங்கே போவது? வாசலில் நின்றுகொண்டு, தெருவில் போகிற பால் வண்டியும் பள்ளி வேனும் கியர் மாற்றுகிற லட்சணத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். “உங்களை யாரு கேட்டா?” என்று உள்ளேயிருந்து மனைவியின் குரல்.

டிப்போவில் எழுதாமல் மிச்சம் கிடந்த ஒரு டிரிப் நோட்டைக் கேட்டு வாங்கி வந்திருந்தேன். அதில்தான் இதை எழுதுகிறேன். புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம் என்று கட்டம் போட்ட தாளில்தான் எனக்குக் கை ஓடும்.

சாப்பிடும்போது அவள் ஆரம்பித்தாள். “இருபத்திரண்டு வருஷமா அந்த ஊருக்கு வண்டி ஓட்டினீங்க. நீங்க பார்த்ததையெல்லாம் நானும் ஒரு தடவை பார்க்கணும். மூணு ராத்திரி தங்கிட்டு வருவோமே. பெரிய ஓட்டல் எல்லாம் வேண்டாம். சுத்தமா இருந்தா போதும்.”

“ஓ, போகலாமே” என்றேன். மோருக்கு உட்காராமல் கை கழுவ எழுந்துவிட்டேன்.

மார்ச் 5

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை யாரும் படிக்கப் போவதில்லை.

அந்த ஊரில் நான் எதையும் பார்த்ததில்லை.

இரவு முழுக்க ஓட்டி, காலை பத்து நாற்பதுக்கு வண்டியை நிலையத்தில் விடுவேன். குளித்து, சாப்பிட்டு, ஓட்டுநர் ஓய்வறையில் படுத்தால் மாலை ஆறு வரை அடித்துப் போட்ட மாதிரி தூக்கம். எட்டரைக்குத் திரும்பவும் வண்டியை எடுக்க வேண்டும். நாற்பது பேர் உயிரைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் சுற்ற முடியுமா? ஓட்டும்போதாவது பார்த்திருக்கலாமே என்று கேட்பார்கள். ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்தால் எந்தப் பெரிய ஊரும் முன்னால் போகிற வண்டியின் பின்பக்கம்தான்.

பிறகு எப்படி வந்தது இந்த வினை?

முதல் வருடம். மகள் கைக்குழந்தை. அவள் வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே அடைந்து கிடந்த காலம். நான் திரும்பி வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் “இன்னிக்கு என்ன பார்த்தீங்க?” என்பாள். தூங்கினேன் என்று சொன்னால் முகம் சின்னதாகிவிடும். ஒரு நாள் சும்மா அடித்துவிட்டேன் — வெறும் பொத்தான் மட்டும் விற்கிற ஐந்து மாடிக் கடை பார்த்தேன் என்று.

“அஞ்சு மாடியா! அஞ்சாவது மாடியில என்ன இருக்கு?”

“ராணுவப் பொத்தான்.”

அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு வருத்தமாக இல்லை. அதுதான் கஷ்டம். அதற்குப் பிறகு வருடம் ஒன்றிரண்டாவது சொல்லிவிடுவேன். பாதி வழியில், சாலை காலியாக இருக்கிற நேரத்தில் யோசித்து வைத்துக்கொள்வேன். பன்னிரண்டு மணிக்கு ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து ஊருக்கே கையாட்டும் மணிக்கூண்டுக்காரர். வாடிக்கையாளர் அழுதால்தான் கதவைத் திறக்கிற வெங்காயக் கடை. என்னென்னவோ.

மார்ச் 6

பட்டியல் வந்துவிட்டது.

மகள் பள்ளிக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து மனைவிக்கு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை. இரண்டு பக்கம் அடித்து, எண் போட்டு, நான் எந்த வருடம் சொன்னேன் என்ற விவரத்தோடு கொண்டு வந்திருக்கிறாள். முப்பத்து நான்கு இடம். வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்குகிற மாதிரி என் முன்னால் வைத்தாள். “விட்டுப் போனது ஏதாவது இருக்கா, பாருங்க.”

விட்டுப் போனது எதுவும் இல்லை.

மார்ச் 9

மகள் வந்திருந்தாள், ஓட்டல் பார்க்க. மூன்று பேரும் அவள் போனைச் சுற்றி உட்கார்ந்தோம். உண்மையைச் சொன்னால் நன்றாகவே பொழுது போனது. எல்லா ஓட்டல் படத்திலும் கட்டில்மேல் துண்டை மடித்துப் பறவை மாதிரி வைத்திருக்கிறார்கள். “பறவை இருக்கட்டும், பாத்ரூமைக் காட்டு” என்றாள் இவள். தங்கிப் போனவர்கள் எழுதி வைத்திருப்பது இன்னும் வேடிக்கை. ‘வெந்நீர் வரும். பொறுமை வேண்டும்.’ ‘லிஃப்ட் உண்டு. நான் படியில் போனேன்.’ ஒருவர் பெரிதாகப் புகழ்ந்துவிட்டு, கடைசியில் ‘காதில் பஞ்சு எடுத்துப் போகவும்’ என்று முடித்திருந்தார்.

ஜன்னல் இல்லாத அறை கொஞ்சம் மலிவு. இவள் ஒப்புக்கொள்ளவில்லை. “அதுக்கு நம்ம வீட்டு பீரோவுக்குள்ளேயே படுத்துக்கலாம்.”

திடீரென்று மகள் நிமிர்ந்தாள். “அப்பா, பொத்தான் கடை எந்தத் தெருவுல? அது பக்கத்துலயே புக் பண்ணிடறேன்.”

“பஸ் நிலையத்துக்குப் பக்கத்துல போடு. எல்லாத்துக்கும் அங்கிருந்தே போயிடலாம்.”

எனக்குத் தெரிந்த ஒரே இடம் அதுதான்.

மார்ச் 11

விசிலைப் போய்ப் பார்த்தேன். பதினான்கு வருடம் என் வண்டியில் நடத்துநர். அவன் வாயில் விசில் இல்லாமல் யாரும் பார்த்ததில்லை, அதனால் அந்தப் பெயர். விஷயத்தைச் சொன்னதும் மூச்சு முட்டச் சிரித்தான்.

“அண்ணே, போய் இறங்குங்க. ஒவ்வொரு இடமா காட்டுங்க. ‘அடடா, இடிச்சிட்டாங்களே’ன்னு சொல்லுங்க. முடிஞ்சுது.”

“முப்பத்து நாலையுமாடா இடிச்சிருப்பாங்க?”

“பெரிய ஊருண்ணே. இடிச்சாலும் இடிப்பாங்க.”

இவனை நம்பி பதினான்கு வருடம் ரிவர்ஸ் எடுத்திருக்கிறேன்.

மார்ச் 13

ஒரு யோசனை. முப்பத்து நான்கில் ஒன்றிரண்டாவது அந்த ஊரில் இருந்துவிட்டால்? பெரிய ஊரில் எதுதான் இல்லை? அவள் ஆபீஸ் போன பிறகு, மகள் பார்த்து வைத்த ஓட்டலுக்கு போன் செய்தேன். வரவேற்பில் ஒரு பெண். அறையைப் பற்றி நாலு கேள்வி ஒப்புக்குக் கேட்டுவிட்டு, மெதுவாக பொத்தான் கடைக்கு வந்தேன்.

“அஞ்சு மாடியா சார்? பொத்தானுக்கா?” என்று கேட்டாள். “நான் இங்கயே பொறந்து வளர்ந்தவ சார். அப்படி ஒண்ணு இருந்தா நானே வாரத்துக்கு ஒரு தடவை போவேன்.”

நல்ல பெண். என் பெயரைக் கேட்டுக்கொண்டு, விசாரித்து வைப்பதாகச் சொன்னாள்.

மார்ச் 14

அறை போட்டாயிற்று. மூன்று இரவு, இரண்டு பேர், ஜன்னல் உண்டு.

மார்ச் 18

அவள் நடப்பதற்கென்று புதுச் செருப்பு வாங்கி, பழக்க வேண்டும் என்று வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு திரிகிறாள். சமையலறைக்கும் கூடத்துக்கும் டக் டக் என்று. ஆபீசில் எல்லோரிடமும் சொல்லியாயிற்றாம். வக்கீல்கூட ‘உங்க வீட்டுக்காரர் கொடுத்து வெச்சவர்மா, எவ்வளவு பார்த்திருக்காரு’ என்றாராம்.

இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று அவள் பக்கத்தில் போய் நின்றேன். “என்ன?” என்றாள். “செருப்பு நல்லா இருக்கு” என்றேன்.

கோழை. நாற்பது டன் லாரி எதிரே வந்தபோதுகூடக் கை நடுங்காதவன்.

மார்ச் 21

சேர்ந்த நேரம் 10.55. பதினைந்து நிமிடத் தாமதம். புது ஓட்டுநர், வளைவில் பிரேக்கை மிதிக்கிறான். நானும் கூடவே இரவு முழுக்க வெறும் தரையை மிதித்துக் கொண்டு வந்தேன், கால் வலிக்கிறது.

ஓட்டல் நிலையத்திலிருந்து நாலு நிமிட நடை. கண்ணாடிக் கதவு, குறுகிய வரவேற்பு, மேசைமேல் மணி. பெயரைச் சொன்னதும் அந்தப் பெண் முகமெல்லாம் பல்லாக எழுந்தாள்.

“பொத்தான் கடை சார் தானே நீங்க? எங்க அம்மாகிட்டயே கேட்டேன் சார். அப்படி ஒண்ணு இந்த ஊர்ல எப்பவுமே இருந்ததில்லையாம்!”

இவள் என்னைப் பார்த்தாள். லிஃப்டில் மாடி எண்ணையே பார்த்துக்கொண்டு வந்தாள். நான்காவது மாடி வருவதற்குள் எனக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது.

அறை நன்றாகத்தான் இருந்தது. வெள்ளை விரிப்பு, துண்டுப் பறவை. அவள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து பட்டியலை எடுத்தாள்.

“இதுல எத்தனை நிஜம்?”

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். பத்து நாற்பது, குளியல், கட்டில், ஆறு மணி. நின்றுகொண்டேதான் சொன்னேன்.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. “ஆபீஸ்ல நாள் முழுக்கப் பொய்யைத்தான் டைப் அடிச்சேன்” என்றாள். “வீட்டுக்கு வர்றது மட்டுமாவது நிஜம்னு நெனைச்சேன். பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தப்பல்லாம் இதைச் சொல்லித்தான் மருந்து குடிக்க வெச்சேன். தெரியுமா உங்களுக்கு?”

தெரியாது. எனக்குத் தெரியாது. நான் அப்போது வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன்.

சாப்பாட்டை அறைக்கே வரவழைத்துத் தனித்தனியாகச் சாப்பிட்டோம்.

மார்ச் 22

காலை எட்டு மணிக்குப் புதுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். நானும் எழுந்தேன்.

“நீங்க தூங்குங்க. இந்த ஊர்ல உங்களுக்கு அதானே வேலை.”

கதவு சாத்திக்கொண்டது. வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். படுத்தேன். தூக்கம் வருவேனா என்றது. ஜன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் பக்கத்துக் கட்டடத்தின் சுவர், வரிசையாக ஏசி பெட்டிகள், ஒன்றன்மேல் காய்கிற ஒற்றைக் காலுறை. இருபத்திரண்டு வருடத்தில் இந்த ஊரில் பகலில் படுத்தும் தூக்கம் வராமல் நான் கிடப்பது இதுதான் முதல் தடவை. பன்னிரண்டு ஆயிற்று. ஒன்று ஆயிற்று. போனை இங்கேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். கோபித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாளா? இவ்வளவு பெரிய ஊரில் எங்கே போய்த் தேடுவேன்? இப்படித்தானே அவளும் ஒவ்வொரு நாளும் உட்கார்ந்திருப்பாள்?

ஒன்றே முக்காலுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிகாலைத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்தாள்.

“ஓய்வறைக்குப் போனேன்” என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

“உங்க ஓய்வறைதான். நீங்க பார்த்ததை நானும் பார்க்கணும்னுதானே வந்தேன்? காவலாளி முதல்ல விடல. உங்க பேரைச் சொன்னேன். ‘அட, அவரு வீட்டம்மாவா’ன்னு கதவைத் திறந்துவிட்டாரு. எட்டு கட்டில். ஜன்னல் பக்கத்துக் கட்டில்தான் உங்களுதுன்னு அவரே காட்டினாரு. படுத்துப் பார்த்தேன். நடுவுல பள்ளமா இருக்கு. மேல ஃபேன் கிறீச் கிறீச்னு சத்தம் போடுது. சுவர்ல காரை பெயர்ந்து ஒரு இடம் யானை மாதிரி இருக்கு.”

“யானை இல்ல” என்றேன். “நான் அதை ஒட்டகம்னு நெனைச்சுப்பேன்.”

அவள் குதிகாலைத் தேய்ப்பதை நிறுத்தினாள். பிறகு, “இருபத்திரண்டு வருஷம் அந்தக் கட்டில்லயா படுத்தீங்க?” என்றாள். குரல் உடைந்திருந்தது. “அதைச் சொல்லியிருக்கலாமே. நான் அதையும் கேட்டிருப்பேனே.”

எனக்கும் கண் நிறைந்துவிட்டது. ஐம்பத்தெட்டு வயதில், ஓட்டல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். பறவை கலைந்துவிட்டது.

மார்ச் 23

இன்று முழுவதும் நடந்தோம். பட்டியல் இல்லை, வரைபடம் இல்லை. நான் ஆயிரக்கணக்கான முறை ஓட்டி வந்த பெரிய சாலையில், ஓரமாக, நடைபாதையில். அதன் நடுவில் இரண்டு வரிசை மரம் இருக்கிறது. எனக்குத் தெரியவே தெரியாது. சிக்னல் எத்தனை வினாடி என்று சொன்னேன், சரியாக இருந்தது. அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒத்துக்கொண்டாள். மதியம் ஒரு பூங்கா பெஞ்சில் அவள் என் தோளில் சாய்ந்து இருபது நிமிடம் தூங்கிப்போனாள். நான் விழித்திருந்தேன்.

மார்ச் 24

காலை. பெட்டி கட்டியாயிற்று. பதினொன்றுக்கு அறையைக் காலி செய்ய வேண்டும்.

மகள் போன் செய்தாள். இவள் ஸ்பீக்கரில் போட்டாள். சாப்பாடு, கால் வலி எல்லாம் விசாரித்துவிட்டு மகள் கேட்டாள்: “அம்மா, மொட்டை மாடியில ஆடு வளர்க்கிறாரே, அவரைப் பார்த்தீங்களா? நான் சின்னப் பிள்ளையில தினம் கேட்பேனே!”

பட்டியலில் இருபத்தொன்றாம் எண். நான் தலையைக் குனிந்துகொண்டேன். இவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். போனைக் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

“பார்க்காம வருவோமா? நேத்துதான் போனோம். லிஃப்ட் கிடையாது, ஏழு மாடியும் படிதான். இப்ப பதினோரு ஆடு இருக்கு. அதுல ஒரு கறுப்பு ஆடு, மனுஷங்க யார் வந்தாலும் அவங்க செருப்பை மட்டும் எடுத்துட்டுப் போய் ஒளிச்சு வெச்சுடுமாம். என் புதுச் செருப்பையும் தூக்கிட்டுப் போயிடுச்சு...”

மகள் அங்கே சிரிக்கிறாள். நான் இங்கே வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இருபத்திரண்டு வருடத்தில் எனக்கு ஒரு கறுப்பு ஆடு தோன்றியதில்லை.

போனை வைத்துவிட்டு அவள் பையின் ஜிப்பை மூடினாள். என்னால் இருக்க முடியவில்லை.

“அப்புறம் செருப்பு எப்படிக் கிடைச்சுது?”

“பஸ்ல சொல்றேன்” என்றாள். “தூங்காம வந்தீங்கன்னா.”